பனியாற்று நதிக்கு எந்த மாடல்? ஓட்டத்தையும் தரத்தையும் ஒருசேரக் கணிக்க நினைப்பவர்களுக்கு

பனியாறு, அதாவது மலைமேல் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், உருகி ஓடிவரும் ஒரு நதிக்கு மாடல் (கணினியில் ஓடும் கணிப்பு நிரல்) கட்டும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இரண்டு பங்காக வரும். இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்? அந்தத் தண்ணீரில் வண்டல், நைட்ரேட், பாஸ்பரஸ், உலோகம் என்று என்னென்ன எவ்வளவு இருக்கும்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் போதும் என்றால் வழிகள் பல. எதை எடுத்தாலும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். இரண்டாவது கேள்வியும் சேர்ந்தவுடன் பாதிக் கருவிகள் கழன்றுகொள்ளும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்-பாகை முறையில், அதாவது காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்து, உருகலைக் கணக்கிடும் எளிய நீரியல் மாடல் ஒன்று, அதன் வெளியீட்டை வாங்கிக்கொண்டு ஓடும் தனியான நீர்த்தர மாடல் இன்னொன்று: பெரும்பாலான குழுக்களுக்கு இந்த ஜோடிதான் ஒத்துவரும். நீரையும் தரத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய ஸ்வாட் என்ற மென்பொருளுக்கும், இயற்பியலை முழுசாக எழுதும் ஆற்றல் சமநிலை மாடலுக்கும் இடம் உண்டு. ஆனால் அது அவற்றை விரும்புபவர்கள் நினைப்பதைவிடக் குறுகலான இடம். தண்ணீரின் தரத்தை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த வழியாக வந்தது, பாறையோடும் மண்ணோடும் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அளந்த ஓட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிட்ட மாடலுக்கு உள்ளே வழிகள் தப்பாக இருந்தால், ஓட்டம் அதைக் காட்டிக்கொடுக்காது, நைட்ரேட் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நதிகளின் குணம்

மழையை நம்பிய ஆற்றில் மழை பொய்த்தால் ஓட்டம் குறையும். பனியாற்றின் வாயில், அதாவது உருகுநீர் வெளியே வரும் இடத்தில், நேர்மாறு. மேகம் விலகி வெயில் காய்ந்த ஆண்டில்தான் அங்கே தண்ணீர் அதிகமாக வரும். கீழே இருப்பவர்களுக்கு இது பெரிய காப்பு. மாடல் கட்டுபவருக்கோ இது ஒரு பொறி: சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதை மாத வருமானம் என்று கணக்கெழுதிவிடும் அபாயம்.

கோடையில் ஒரு நாள் அந்த வாயில் கருவிகளை வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? விடியற்காலையில் ஓட்டம் சுருங்கிக் கிடக்கும். மின்கடத்துதிறன் உயர்ந்திருக்கும். ஏனென்றால் அந்நேரம் வருவதில் பெரும்பங்கு பனிக்கட்டிக்கு அடியில், நொறுங்கிய பாறைத்துகள்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து, உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும் நீர். வெயில் ஏற ஏற மேற்பரப்பு உருகி, பிற்பகலோ மாலையோ ஓட்டம் உச்சத்தைத் தொடும். அப்போது மின்கடத்துதிறன் சரிந்திருக்கும். புதிதாக உருகிய நீரில் கரைந்த உப்பு அவ்வளவு குறைவு. நீர் சாம்பல் நிறமாகக் கலங்கியிருக்கும். வண்டலின் உச்சம் பல நாட்களில் ஓட்டத்தின் உச்சத்துக்குச் சற்று முன்பே வந்து போய்விடும், அதாவது அதே ஓட்ட அளவுக்கு ஏறுமுகத்தில் ஒரு செறிவு, இறங்குமுகத்தில் வேறொரு செறிவு. தினசரி சராசரியில் ஓடும் மாடலுக்கு இவை எதுவும் கண்ணில் படாது.

பருவத்துக்கும் தனி ஒழுங்கு உண்டு. வசந்தத்தில் முதலில் உருகும் வெண்பனி, குளிர்காலம் முழுக்கத் தன்மேல் படிந்த அமிலங்களையும் நைட்ரேட்டையும் ஒரே மூச்சில் இறக்கிவிடும். முதல் 30 சதவீத உருகுநீரோடு 50 முதல் 80 சதவீத மாசுகள் வெளியேறிவிடுவதை நார்வேயில் நடந்த சோதனைகள் 1978-லேயே காட்டின. கோடை முன்னேறும்போது பனிக்கட்டிக்கு அடியில் உள்ள வடிகால் அமைப்பே மாறிவிடும். தொடக்கத்தில் சிறு சிறு இடுக்குகளில் தேங்கித் தேங்கி நகர்ந்த நீர், பிறகு அகலமான சுரங்க வழிகளை உருக்கிக்கொண்டு விரைந்து வெளியேறும். ஜூனில் பொருந்திய உப்புக் கணக்கு ஆகஸ்டில் பொருந்தாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உருகலைக் கணக்கிட: பாகையா, ஆற்றலா?

முதல் தேர்வு இங்கே. நாள்-பாகை முறை எளிது. பூஜ்ஜியத்துக்கு மேலே உள்ள ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் உருகும் என்று ஒரு கெழு. வெண்பனிக்குக் குறைவாகவும் வெற்றுப் பனிக்கட்டிக்கு அதிகமாகவும் வைப்பார்கள். முதலதற்கு 3 முதல் 5, இரண்டாவதற்கு 6 முதல் 9 என்பது பரவலாகக் காணப்படும் வீச்சு. ஃபின்ஸ்டர்வால்டரும் ஷுங்கும் ஆல்ப்ஸில் 1887-இல் தொடங்கி வைத்த இந்த யோசனை இன்னும் ஓய்வு பெறவில்லை. வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணுக்கு இவ்வளவு திறன் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. பனிக்கு வந்து சேரும் ஆற்றலில் பெரும்பகுதி வளிமண்டலம் வெப்பமாக வீசும் நீளலைக் கதிர்வீச்சு. அது காற்றின் வெப்பநிலையோடு நெருக்கமாகச் சேர்ந்தே ஏறி இறங்கும்.

ஆற்றல் சமநிலை முறை ஒவ்வொரு வரவையும் தனித்தனியே எண்ணும்: சூரியக் கதிர், அதில் எதிரொளிந்து போவது, நீளலைக் கதிர், காற்று கொண்டுவரும் வெப்பம், ஆவியாதலும் உறைதலும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். சதுர மீட்டருக்கு 100 வாட் நிகர ஆற்றல் ஒரு நாள் முழுவதும் கிடைத்தால் சுமார் 26 மில்லிமீட்டர் உருகும். உருகல் கெழுவை ஊகிக்க வேண்டியதில்லை. புதுப் பனி சூரிய ஒளியில் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், வெற்றுப் பனிக்கட்டி 35 சதவீதத்தைத்தான் அனுப்பும் என்று வைத்தால், உள்ளே போகும் ஒளி நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கறுப்புக் கரியோ புழுதியோ படிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடியது இந்த முறை மட்டுமே.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றின் வேகம், ஈரப்பதம், மேக மூட்டம் எல்லாவற்றையும் பனியாற்றின் மேலேயே அளந்து வைத்திருப்பவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆய்வுத் தளங்கள்தான். மற்றவர்கள் ஈ.ஆர்.ஏ.-5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவை, அதாவது கிடைத்த அளவீடுகளையும் வானிலை மாடலையும் சேர்த்து உலகம் முழுக்கக் கட்டிய தரவை, எடுப்பார்கள். அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள் இரண்டு மூன்று பள்ளத்தாக்குகளும் அவற்றுக்கு இடையேயான சிகரங்களும் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே காற்று வேகம். ஊகத்தைக் கெழுவிலிருந்து எடுத்து உள்ளீட்டில் வைத்ததுதான் மிச்சம்.

எளிய முறைக்கும் இதே நோய் வேறு வடிவில் உண்டு. வானிலை நிலையம் 3,000 மீட்டரில் இருக்கிறது, பனியாறு 5,000 மீட்டரில். நிலையத்தில் 18 டிகிரி. உயரம் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிர்கிறது என்று பாடப்புத்தக எண்ணைப் போட்டால் பனியாற்றில் 5 டிகிரி. கெழு 7 என்றால் உருகல் 35 மில்லிமீட்டர். குளிரும் வீதம் உண்மையில் 5.5 என்றால் அங்கே 7 டிகிரி, உருகல் 49 மில்லிமீட்டர். 10 சதுர கிலோமீட்டர் வெற்றுப் பனிக்கட்டிக்கு இது விநாடிக்கு சுமார் 4 கன மீட்டருக்கும் 5.7 கன மீட்டருக்கும் உள்ள வித்தியாசம். ஒரே ஒரு எண்ணை ஒரு டிகிரி நகர்த்தியதற்கே 40 சதவீத மாற்றம். பருவமழைக் காலத்தில் ஈரக் காற்று இந்த வீதத்தைக் குறைக்கும், வறண்ட மாதங்களில் அது ஏறும். ஆகவே ஆண்டு முழுக்க ஒரே எண்ணைப் போடாமல், மாதவாரியாகப் போடுவதே மாடலில் செய்யக்கூடிய மலிவான, பெரிய திருத்தம். பனியாற்றின் ஓரத்தில் விலை குறைந்த வெப்பநிலைப் பதிவு கருவிகள் இரண்டை ஒரு பருவம் விட்டு வைத்தால் போதும். அதற்குப் பதில் மென்பொருளை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

எங்கே ஆற்றல் சமநிலை தவிர்க்க முடியாதது? மூன்று இடங்களைச் சொல்வேன். கற்குவியல் மூடிய பனியாறுகள் முதலில். மெல்லிய படலமாகக் கல்லும் மண்ணும் இருந்தால் உருகல் கூடும், சில சென்டிமீட்டர் தாண்டினால் போர்த்தியதுபோலக் குறைந்துவிடும் என்பதை ஓஸ்த்ரெம் 1959-இல் அளந்து காட்டினார். இமயமலைப் பனியாறுகள் பலவற்றின் நாக்குப் பகுதி, அதாவது கீழ்முனை, இப்படித்தான் மூடிக் கிடக்கிறது. அங்கே ஒரே கெழுவைப் போட்டால் நாக்கு மாடலில் மட்டும் வேகமாக மறைந்துபோகும். இரண்டாவது, வறண்ட உயர்மலைகள். சிலியின் வறண்ட ஆண்டிஸில் பனி நீராகாமலே ஆவியாகிப் போகும். அதற்கு உருகுவதைவிட எட்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாவதால், அதே வெயிலுக்கு ஆற்றுக்கு வரும் நீர் வெகுவாகக் குறையும். மூன்றாவது, கரியும் புழுதியும்தான் உங்கள் கேள்வி என்றால். மற்ற இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ரெஜினே ஹாக் 1999-இல் முன்வைத்த முறையில், வெப்பநிலையோடு சரிவின் திசைக்கும் நிழலுக்கும் ஏற்ப வரக்கூடிய சூரியக் கதிரும் சேரும். ஒவ்வொரு மணிநேரத்துக்கும் தனியே கணக்கிடும், கூடுதல் அளவீடு கேட்காது, நான் மேலே சொன்ன அன்றாட ஏற்ற இறக்கத்தையும் பிடித்துவிடும். நீர்த்தரம் வேண்டுவோர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்வாட் என்ற ஆசை

நீரும் தரமும் ஒரே மென்பொருளில் வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கை நீட்டுவது ஸ்வாட் பக்கம். அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் ஜெஃப் ஆர்னால்டு முதலானோர் உருவாக்கியது, இலவசம், உலகெங்கும் பயனர்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பூச்சிக்கொல்லி, மண்ணரிப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிறது. நில மேலாண்மை மாறினால் ஆற்றுக்கு என்ன ஆகும் என்று கேட்கப் பிறந்த கருவி அது. அந்தக் கேள்விக்கு இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை.

பனியாறு என்ற ஒன்று அதன் அடிப்படைப் பதிப்பில் கிடையாது. ஒவ்வொரு துணைப்படுகையையும் பத்து உயரப் பட்டைகள் வரை பிரித்து, அவற்றில் வெண்பனி சேர்வதையும் உருகுவதையும் கணக்கிடும். அந்த வெண்பனி தீர்ந்தால் தீர்ந்தது, அடியில் பனிக்கட்டி இல்லை. ஆகவே ஜூலை ஆகஸ்டில் ஓட்டம் பற்றாமல் போகும். இதற்கு ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருக்கிறது: உச்சிப் பட்டைகளில் தொடக்கப் பனி இருப்பாக ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிடுவது. ஓட்டம் வந்துவிடும். ஆனால் அந்தப் பனிக்குப் பனிக்கட்டியின் குணம் இல்லை, பரப்பு சுருங்காது, பல பத்தாண்டுகளுக்கு அசையாது. எதிர்காலக் கணிப்புக்கு இது உதவவே உதவாது.

இதைவிடக் கெட்ட வழி, எதையும் செய்யாமல் தானியங்கி அளவுத்திருத்தத்தை ஓட விடுவது. அளந்த ஓட்டத்தைப் பிடிக்கவேண்டிய கட்டாயத்தில் அந்த நிரல் கோடையின் பற்றாக்குறையை நிரப்ப வேறு இடம் தேடும். நிலத்தடி நீரின் தாமதத்தை நீட்டும், வசந்தத்தில் உருகியதை மண்ணுக்குள் அதிகம் இறக்கி ஆகஸ்டில் வெளியே விடும். ஓட்ட வரைபடம் அழகாகப் பொருந்தும். இப்போது நைட்ரேட்டைப் பாருங்கள். மாடலின்படி ஆகஸ்ட் நீர் மண்ணுக்குள் மாதக்கணக்கில் தங்கி வந்த நீர். அதில் நைட்ரேட் ஏறியிருக்கும். உண்மையில் அது நேற்று உருகிய பனிக்கட்டி. அதில் நைட்ரேட் குறைவு. அளந்ததோடு பொருந்தவில்லை என்றவுடன் நைட்ரஜன் கெழுக்களையும் திருகத் தொடங்குவோம். ஒரு பிழையை மறைக்க இரண்டாவது, இரண்டாவதை மறைக்க மூன்றாவது. இந்தச் சங்கிலியின் முடிவில் கிடைக்கும் மாடலை உர மேலாண்மை பற்றி எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

ஆய்வாளர்கள் பலர் ஸ்வாட்டுக்குப் பனியாற்று இணைப்புகளை எழுதியிருக்கிறார்கள். நிரலாக்கத்தில் கை பழகியவர் குழுவில் இருந்தால் அது நல்ல வழி. இல்லையென்றால், பனியாற்றுப் பகுதியை வெளியே வேறு மாடலில் கணக்கிட்டு, அதன் ஓட்டத்தை ஒரு புள்ளி வரவாக ஸ்வாட்டுக்குள் விடுவதே பாதுகாப்பு. பனிக்கட்டி மேலே, வயலும் ஊரும் கீழே என்று தெளிவாகப் பிரிந்திருக்கும் படுகைக்கு நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இணைத்து ஓட்டும் ஜோடி

ஜோடியின் நீரியல் பக்கத்துக்கு முதலில் ஹெச்.பி.வி. அது 1970-களில் ஸ்வீடனின் வானிலை நீரியல் நிறுவனத்தில் ஸ்டென் பெர்க்ஸ்ட்ரோம் உருவாக்கிய எளிய வாளி மாடல்; மண்ணையும் நிலத்தடியையும் நீர் நிரம்பி வடியும் சில வாளிகளாகப் பாவிக்கும். அதன் பிற்காலப் பதிப்புகளில் பனியாறும் உண்டு. உயர ஆசியாவுக்கு ஸ்பை மாடல் இருக்கிறது. நெதர்லாந்தின் ஃபியூச்சர்வாட்டர் குழு எழுதியது, கட்டம் கட்டமாக ஓடும், பனி, பனிக்கட்டி, மழை, அடியோட்டம் என்று நான்கு மூலங்களையும் பிரித்தே காட்டும். தரக் கணிப்புக்கு இந்தப் பிரிவினைதான் உயிர்நாடி. எந்த நீரியல் மாடலை எடுத்தாலும் இதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தராவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

இன்னொரு நிபந்தனை, பனியாறு சுருங்க வேண்டும். பரப்பை இன்றைய அளவிலேயே நிறுத்திவைத்த மாடல், வெப்பம் கூடக்கூட 2080 வரை தண்ணீரை வாரி வழங்கிக்கொண்டே இருக்கும். நடப்பது வேறு. உருகல் கூடி ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு உருகப் பனிக்கட்டியே இல்லாமல் இறங்கும். ஹஸ்ஸும் ஹாக்கும் 2018-இல் 56 பெரிய படுகைகளைக் கணக்கிட்டபோது ஏறக்குறைய பாதியில் இந்த உச்சம் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. உயரவாரியாகப் பனியாறு எவ்வளவு மெலியும் என்ற எளிய விதியே நீரியல் மாடலுக்குப் போதும். ஓ.ஜி.ஜி.எம். என்ற திறந்த மென்பொருளில் பனியாற்றைத் தனியே ஓட்டி, மாறும் பரப்பை ஊட்டுவதும் நடக்கிற காரியம்தான்.

நீர்த்தரப் பக்கத்தில் எனக்குப் பிடித்தது இன்கா. பால் வைட்ஹெட்டும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் நைட்ரஜனுக்கு எழுதியது; பிறகு பாஸ்பரஸ், வண்டல் என்று கிளைகள் வளர்ந்தன. ஆற்றைத் துண்டு துண்டாகவும் நிலத்தை வகை வகையாகவும் பிரித்து, மண்ணில் நடக்கும் மாற்றங்களையும் ஆற்றில் நடப்பதையும் தினசரி கணக்கிடும். பனிப் படுகைக்கு அது பொருந்தக் காரணம் ஒரு குறைபோலத் தோன்றும் குணம்: மண்ணில் எவ்வளவு நீர் உண்மையில் இறங்குகிறது என்பதை அது தானே முடிவு செய்யாது, ஹெச்.பி.வி.யோ பெர்சிஸ்ட் என்ற நீரியல் மாடலோ வெளியிலிருந்து தர வேண்டும். ஆகவே பனியாற்று வரவைத் தயக்கமின்றி ஊட்டலாம். உள்ளே இருக்கும் பனி விதி அதோடு மல்லுக்கு நிற்காது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா படுகைகளுக்கே இதை ஓட்டியிருக்கிறார்கள். தொந்தரவு என்னவென்றால் அளவுருக்கள் ஏராளம், அளந்த மாதிரிகள் கொஞ்சம். மாதம் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு முழு பாஸ்பரஸ் கிளையையும் திருத்த முயல்வதில் பொருளில்லை. நைட்ரேட்டையும் வண்டலையும் மட்டும் எடுத்துக்கொண்டால் கௌரவமான பதில் கிடைக்கும். வெறும் ஆற்றுக்குள் நடக்கும் ஆக்சிஜன், கழிவு விவகாரம் மட்டும் வேண்டுவோருக்குக் குவால்-2கே போதும்.

வண்டலில் மட்டும் எந்த மாடலையும் அப்படியே நம்ப வேண்டாம். ஸ்வாட்டின் மண்ணரிப்புச் சமன்பாடு மழை அடித்து வயலைக் கரைப்பதற்கு எழுதியது. பனியாற்று வண்டல் பனிக்கட்டி பாறையை அரைத்த மாவு. அது அடித்தளத்தில் சேர்ந்து, வடிகால் வழி மாறும்போது திடீரெனத் திறந்து கொட்டும். இதற்கு ஓட்டத்தோடு இணைத்த எளிய சார்பு ஒன்று, அதுவும் தொடக்கக் கோடைக்கு ஒன்று, பின்கோடைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைப்பதே யதார்த்தம். பனியாற்றுக்கு முன்னால் ஏரி உருவாகியிருந்தால் கரடான வண்டல் அதில் படிந்துவிடும். அந்த ஏரி வரைபடத்தில் எந்த ஆண்டு தோன்றியது என்பதையும் பாருங்கள். பாஸ்பரஸிலும் இதே மாவு குழப்பும். மொத்த பாஸ்பரஸ் அதிகமாகக் காட்டும், ஆனால் அதில் பெரும்பங்கு கனிமத்துக்குள் பூட்டிக் கிடப்பது, பாசி தின்னக்கூடியது கொஞ்சமே. மொத்தத்தைப் பார்த்து மாசு என்று அறிக்கை எழுதிவிட்டால் இயற்கைப் பாறையின் மேல் பழி விழும்.

பெருவின் கார்டில்லெரா பிளாங்கா மலைத்தொடரில் பனி விலகிய இடத்தில் சல்பைடு பாறைகள் காற்றுபட்டு அமிலமும் உலோகமும் ஆற்றில் இறங்குகின்றன. ஸ்விட்சர்லாந்தின் ஓபரார் ஏரியின் படிவுகளில், எப்போதோ பனிக்குள் புதைந்த டி.டி.டி., பி.சி.பி. போன்ற நச்சு வேதிப்பொருள்கள் 1990-களில் மீண்டும் தலைகாட்டியிருப்பது 2009-இல் வெளியானது. படுகை மாடல்களின் வழக்கமான பதிப்புகளில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடமில்லை. உங்கள் படுகையில் இதுதான் பிரச்சினை என்றால் ஃப்ரீக் போன்ற புவிவேதியியல் நிரலைத் தனியே ஓட்டுங்கள், அல்லது அளந்து மட்டும் பாருங்கள்.

இயந்திரக் கற்றல்

எல்.எஸ்.டி.எம். வலைகள், அதாவது கடந்த நாட்களை நினைவில் வைத்துக் கற்கும் செயற்கை நரம்பு வலைகள், ஓட்டக் கணிப்பில் பழைய மாடல்களைத் தோற்கடிக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. அவற்றின் நினைவறைகள் பனி சேர்வதையும் உருகுவதையும் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கின்றன. நாளை மறுநாள் அணைக்கு எவ்வளவு நீர் வரும் என்பதற்கு, நீண்ட பதிவும் கையில் இருந்தால், நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். ஆனால் அதனிடம் 2060-ஐக் கேட்கப் போவதில்லை. பயிற்சித் தரவு முழுவதிலும் பனியாறு இருந்தது. அது தீர்ந்துபோன உலகத்தை அந்த வலை பார்த்ததே இல்லை. நீர்த்தரத்துக்கோ ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதிரிகளை வைத்து எதைக் கற்பிப்பது?

பொருத்தத்தை எப்படி நம்புவது

மாடல் அறிக்கைகளில் நாஷ்–சட்கிளிஃப் எண் 0.85 என்று பெருமையாகப் போடுவார்கள் (1 என்றால் முழுப் பொருத்தம்). 1970-இல் வந்த இந்த அளவுகோல், மாடலை நீண்டகாலச் சராசரி என்ற ஒற்றை எண்ணோடு ஒப்பிடுகிறது. குளிர்காலத்தில் சொட்டுச் சொட்டாகவும் கோடையில் பெருக்காகவும் ஓடும் நதியில் அந்தச் சராசரி எந்த நாளுக்கும் பொருந்தாத எண். அதைத் தோற்கடிப்பதில் என்ன சாமர்த்தியம்? ஒவ்வொரு காலண்டர் நாளுக்கும் கடந்த ஆண்டுகளின் சராசரியை எடுத்து அதையே ஒரு மாடலாக ஓட்டிப் பாருங்கள். அதுவும் உயர்ந்த மதிப்பெண் வாங்கும். உங்கள் மாடல் அதைவிட எவ்வளவு மேல் என்பதுதான் கேள்வி.

ஓட்டம் ஒன்றை மட்டும் வைத்துத் திருத்தினால் மழையும் பனிக்கட்டியும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டிக்கொள்ளும். மேல் சிந்துவில் இது நன்றாகத் தெரிந்தது. பள்ளத்தாக்கு நிலையங்கள் காட்டும் மழையை வைத்துப் பார்த்தால் அங்குள்ள பனியாறுகள் எப்போதோ கரைந்திருக்க வேண்டும்; ஆனால் அவை நின்றுகொண்டிருக்கின்றன. இம்மர்சீலும் குழுவினரும் 2015-இல் பனியாற்றுச் சமநிலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது, உச்சிகளில் விழும் பனி நிலையங்கள் சொல்வதைவிடப் பல மடங்கு இருந்தாக வேண்டும் என்று வந்தது. குறைந்த மழையை நம்பிய மாடல் அந்தப் பள்ளத்தைப் பனிக்கட்டியை உருக்கி நிரப்பும். ஓட்டம் பொருந்தும், நீர் எங்கிருந்து வந்தது என்பது தப்பாகிவிடும்.

இதை இன்று தவிர்ப்பது கடினமில்லை. 2000-லிருந்து மோடிஸ் என்ற செயற்கைக்கோள் உணரி 500 மீட்டர் துல்லியத்தில் பனிப்பரப்பைத் தருகிறது. ஹூகோனே குழுவினர் 2021-இல் வெளியிட்ட தரவில் உலகின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் 2000 முதல் 2019 வரை எவ்வளவு மெலிந்தன என்பது ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. ஓட்டம், பனிப்பரப்பு, பனியாற்று இழப்பு மூன்றையும் சேர்த்துத் திருத்துங்கள். ஓட்டத்தின் மதிப்பெண் 0.85-லிருந்து 0.78-க்கு இறங்கலாம். அறிக்கையில் அதைப் பார்த்து யாராவது முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, அந்த 0.78-ஐ நம்பி நைட்ரேட்டுக்குப் போகலாம்.

யாருக்கு எது

இடத்தைப் பொறுத்துத் தேர்வு தலைகீழாகும். லூட்ஸ் குழுவினரின் 2014 கணக்கில் மேல் சிந்துவின் ஓட்டத்தில் சுமார் 40 சதவீதம் பனியாற்று உருகல். மேல் கங்கையில் அது சுமார் 12 சதவீதம்தான், மூன்றில் இரண்டு பங்கு மழை. சிந்துவின் மேல்பகுதிக்கு மாடல் கட்டுபவர் நேரத்தில் பெரும்பகுதியை உருகலுக்குக் கொடுக்க வேண்டும். கங்கைச் சமவெளியின் நீர்த்தரம் கேட்பவருக்குப் பனியாறு ஒரு சிறு வரவு. கழிவு, பாசனம், பருவமழை பற்றிய தரவே விடையைத் தீர்மானிக்கும், ஸ்வாட்டோ இன்காவோ இரண்டும் ஓடும். அங்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: மழைக்கு முந்தைய வறண்ட மாதங்கள். கழிவை நீர்த்துப்போகச் செய்ய அப்போது ஆற்றில் இருப்பதில் உருகுநீரின் பங்கு ஆண்டுச் சராசரியைவிட அதிகம். ஆண்டுக் கணக்கில் அற்பமாகத் தெரிவது ஏப்ரல் மே மாதங்களில் அற்பமல்ல.

நீர்மின் திட்டத்துக்கு வண்டல் வேண்டுமென்றால் மணிநேரவாரியாகக் கணக்கிடும் ஹாக் முறையும், பருவவாரி வண்டல் சார்பும் போதும். ஏரி உடைப்பும் பாறைச் சரிவும் கொண்டுவரும் வண்டலை இவை எதுவும் கணிக்காது. 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனிக்கட்டியும் சரிந்து வெள்ளமானதும் 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தாவில் இறங்கியதும் வேறு வகைக் கணக்கு. அதற்குத் தனி மாடல்கள் உண்டு, இதோடு கலக்காதீர்கள்.

மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு பருவத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால், அதை மென்பொருள் பயிற்சிக்குக் கொடுக்காமல் கருவிகளுக்குக் கொடுங்கள். பனியாற்றின் வாயிலும், முதல் பெரிய கிளையாறு கலக்கும் இடத்துக்குக் கீழேயும் மின்கடத்துதிறன், கலங்கல், நீர் வெப்பநிலை, நீர்மட்டம் நான்கையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவி. கலங்கல் உணரியின் கண்ணாடியை மாவு மூடிவிடும், துடைப்பான் உள்ள வகையாக வாங்குங்கள். மாதிரி எடுக்கப் போகிறவர்கள் வசதிக்காகக் காலை பத்து மணிக்கு எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். வண்டலின் பெரும்பகுதி மாலையில்தான் போகிறது. அந்தக் காலை மாதிரிகளை வைத்து ஆண்டு வண்டலைப் பெருக்கிப் போட்டால் எந்த மாடலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மாதத்தில் ஒரு நாளாவது விடிகாலை தொடங்கி மறுநாள் விடிகாலை வரை இரண்டு மணிக்கு ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். உணரியின் எண்ணை உண்மையான வண்டல் அளவாக மாற்றுவதற்கும், காலை நீர் எவ்வளவு அடியிலிருந்து வருகிறது, மாலை நீர் எவ்வளவு மேலிருந்து வருகிறது என்று பிரிப்பதற்கும் அந்த மாதிரிகள்தான் ஆதாரம்.